பாரூர் ஏரியின் ஊசித்தட்டான்கள்

எங்கள் ஊர் பாரூர். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ளது. ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சொத்து ஒன்று உண்டு. அதுதான் பாரூர்ப் பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் ஏரிக்கு நீர் கொண்டு வருகிறது. ஏரியிலிருந்து புறப்படும் கிழக்கு வாய்க்காலும் மேற்கு வாய்க்காலும் ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கின்றன. அந்த 2,400 ஏக்கரில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலமும் இல்லை. ஆயினும் நடவு என்றும், களை என்றும், அறுப்பு என்றும் என் அம்மா இறங்காத வயல் அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

ஏரியைப் பற்றி எழுதுவதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதன் விளிம்பில் வாழும் ஒரு சிறு பூச்சியைப் பற்றி.

தட்டானை அறியாத தமிழர் இருக்க முடியாது. அதன் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு விளையாடாத கிராமத்துப் பிள்ளைகளும் குறைவு. ஆனால் தட்டானுக்கு ஒரு தங்கை இருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அதுதான் ஊசித்தட்டான். அதன் வாலில் நூல் கட்ட முடியாது. அதன் உடம்பே ஒரு நூல்தான்! இரண்டையும் பிரித்தறிவது எளிது. தட்டான் உட்காரும்போது நான்கு சிறகுகளையும் விரித்தபடியே உட்காரும். ஊசித்தட்டானோ அவற்றை முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். தட்டானின் இரு பெருங் கண்களும் பெரும்பாலும் தலையுச்சியில் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும், சம்மட்டியின் இரு முனைகளைப் போல, விலகி நிற்கும். லெஸ்டெஸ் என்னும் பேரினம் மட்டும் சிறகை மூடாமலும் முழுதும் விரிக்காமலும் பாதியில் நிறுத்திக்கொண்டு நம்மைச் சற்றே குழப்பும்.

‘தட்டான் தாழப் பறந்தால் மழை வரும்’ என்பார்கள் பெரியோர். அந்தப் பழமொழியை ஊசித்தட்டானுக்குப் பொருத்திவிடாதீர்கள். அது எந்நாளும் புல் மட்டத்துக்கு மேல் எழும்புவதில்லை. அதை நம்பினால் எங்கள் வறண்ட மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் மழை கொட்ட வேண்டும்.

எங்கள் விரிவுரையாளர் சென்ற ஆண்டு ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு பூச்சிக் கூட்டத்தைப் பார்த்துக் குறிப்பெழுதி வர வேண்டும் என்றார். வண்ணத்துப்பூச்சியைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். நான் ஊசித்தட்டானை எடுத்துக்கொண்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஏரி வீட்டுக்கு அருகில் இருக்கிறது. பேருந்துக் கட்டணம் இல்லை.

கையில் நூல் வேண்டுமே! இராணுவ மருத்துவராக இந்தியாவில் பணியாற்றிய ஃபிரேசர் என்னும் ஆங்கிலேயர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய நூலே இந்தத் துறைக்கு இன்றும் அடிப்படை. நமக்கு எளிதாக இருப்பது கே. ஏ. சுப்பிரமணியன் எழுதி, விஞ்ஞான் பிரசார் 2009-இல் வெளியிட்ட கையேடு. இந்தியாவில் தட்டானும் ஊசித்தட்டானும் சேர்ந்து ஏறத்தாழ 500 இனங்கள். அவற்றுள் ஊசித்தட்டான் 200-க்கும் சற்று மேல். இத்தனை இனங்களில் நம் கண்ணில் படுவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்ணத்தைப் பார், பெயரைச் சொல் என்றுதான் யாரும் தொடங்குவார்கள். ஆனால் நம் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியைச் சென்று பாருங்கள். ஊசி குத்தி வைத்திருக்கும் ஊசித்தட்டான்கள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். உயிர் போனதும் அந்த நீலமும் பச்சையும் மங்கிவிடுகின்றன. தோலுக்கடியில் உள்ள உயிரணுக்களின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது அந்த நீலம், சாயம் பூசியதன்று. அணு அழிந்தால் நீலமும் அழியும். ஆகவே வண்ணம் என்பது உயிரோடு இருக்கும்போது, அது இருக்கும் இடத்துக்கு நாம் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. அப்படிப் போய்ப் பார்த்தபோதுதான் இடமே பாதிப் பெயரைச் சொல்லிவிடுகிறது என்பது எனக்குப் புரிந்தது.

என்னோடு ஏரிக்கரை வழியே ஒரு சுற்று வாருங்கள்.

ஊரின் கழிவுநீர் வந்து தேங்கும் பள்ளம் முதலில் வருகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் இடம் அது. அங்கும் ஓர் ஊசித்தட்டான் குடியிருக்கிறது. கரும்பச்சை உடல், வாலின் முனைக்குச் சற்று முன்னே, எட்டாம் கண்டத்தில், சின்ன நீல விளக்கு ஏற்றி வைத்தாற்போல் ஓர் ஒளி. இஸ்னூரா செனகலென்சிஸ் என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுப் பெயரை 1842-இல் ராம்பூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பரவியிருக்கும் இந்தப் பூச்சி உப்பு கலந்த நீரையும் அழுக்கு நீரையும் பொறுத்துக்கொள்ளும். ஏரியிலும் இருக்கும், சாக்கடையிலும் இருக்கும். எங்கும் வாழ்ந்துவிடும் மனிதர்கள் சிலர் இருக்கிறார்களே, அவர்களைப் போல!

கரையோரம் கோரையும் புல்லும் அடர்ந்த சேற்று விளிம்புக்கு வந்தால் மஞ்சள் வாலன் நிற்கிறான். வால் முழுதும் மஞ்சள்; மார்பு இளம் பாசிப்பச்சை; கறுப்புக் கோடு மருந்துக்கும் இல்லை. இதற்கு 1798-இல் டேனிஷ் அறிஞர் ஃபெப்ரீசியஸ் இட்ட பெயரில் ‘கோரமண்டல்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று செரியாக்ரியான் கோரமண்டலியானம் என்கிறோம். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலத்தின் திரிபு என்று படித்திருக்கிறோம். அப்படியானால் கோபன்ஹேகன் வரை போய்வந்த சோழநாட்டுப் பெயர் எங்கள் ஊர்ச் சேற்றுப் புல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது! எனக்கு அன்று முழுவதும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். “அதுக்கு எவ்ளோ சம்பளம்?” என்று கேட்டார்.

கரையை விட்டு நீரின் நடுப்பக்கம் பாருங்கள். அல்லி இலையின் மேலும், மிதக்கும் குச்சியின் மேலும், வெயில் நேராக அடிக்கும் இடத்தில் வான நீலத்தில் இருப்பவை சூடாக்ரியான் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றில் மைக்ரோசெபாலம், டெக்கோரம் என்று இரண்டு இனங்கள் தூரத்திலிருந்து ஒன்றே போல் தெரியும். டெக்கோரத்தின் மார்பில் மெல்லிய மூன்று கறுப்புக் கோடுகள் பென்சிலால் இழுத்தாற்போல் இருக்கும். அண்ணனின் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் அது தெரியும்.

அதே பேரினத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மதகுக்குக் கீழே வாய்க்காலில் இருக்கிறது. நீர் நகரும் இடத்தில், கரையிலிருந்து புல் வளைந்து நீரைத் தொடும் இடத்தில், அது அமர்ந்திருக்கும். முகம் மட்டும் குங்குமப்பூவைக் குழைத்துப் பூசியது போல் செம்மஞ்சள், மார்பு பச்சை, வால் முனை நீலம். சூடாக்ரியான் ரூப்ரிசெப்ஸ். ஒரு புல்லை ஓர் ஆண் பிடித்துவிட்டால் இன்னோர் ஆணை அங்கே அண்டவிடாது. துரத்திவிட்டு அதே புல்லின் அதே நுனிக்குத் திரும்பி வரும். நான் ஒரு நாள் காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை உட்கார்ந்து பார்த்தேன். அது அந்தப் புல்லை விடவே இல்லை.

தென்னந்தோப்புக்குள் போகும் கிளை வாய்க்கால் வேறோர் உலகம். அரசம்பட்டிப் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் தென்னந்தோப்புகளின் நிழல் தெரியும். அந்த நிழலில், வெயிலை விரும்பாத மஞ்சள் கால்காரன் ஒருவன் இருக்கிறான்: கோப்பெரா மார்ஜினிபெஸ். புதிதாகத் தோலுரித்து வந்த குஞ்சு, பால் போல் வெளுத்து, பேய் பிசாசு என்று சொல்லும்படி நிழலில் மிதக்கும். பிறகு நாளாக நாளாகக் கறுத்துவிடும்.

கடைசியில் வயல். நடவு முடிந்த வயலில் வரப்பின் மேல் குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது, அவ்வளவு சிறியது. அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா. ‘பிக்மேயா’ என்றால் குள்ளன். பச்சைக் கோடிட்ட கரிய மார்பு. வால் முனை செங்கல் சிவப்பு. நெற்பயிரின் தூர்களுக்கிடையே நுழைந்து நுழைந்து பறக்கும். தத்துப்பூச்சியையும் புகையானையும் பிடித்துத் தின்னும். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-இல் வெளியிட்ட, நெல் உழவரின் நண்பர்களான பூச்சிகளைப் பற்றிய நூலில் இந்தக் குள்ளனின் பேரினத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். புகையான் தாக்கி வயல் தீய்ந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நட்பின் மதிப்பு தெரியும்.

இப்படி இடத்தை வைத்துப் பாதி தெரிந்துகொண்ட பிறகு வண்ணத்தை வைத்து மீதியைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வண்ணம் நம்மை எத்தனை விதமாக ஏய்க்கிறது! குள்ளனின் இளம் பெண் சிவப்பாக இருக்கும், முதிர்ந்தால் பச்சையாகிவிடும். நீல விளக்குக்காரனின் பெண்ணில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே நீல விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மற்றொரு வகை இளமையில் ஆரஞ்சு நிறத்திலும், பிறகு மங்கிய பழுப்பிலும் இருக்கும். ஆண் வேடம் போட்ட பெண்ணை மற்ற ஆண்கள் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அதனால் அது நிம்மதியாக இரை தேடலாம், முட்டையிடலாம் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் ஒரு விளக்கம். பேருந்தில் வந்துபோகும் என் தோழியர்க்கு இந்த விளக்கத்தை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஐயம் தீராவிட்டால் கைலென்ஸ்தான் கதி. ஆணின் வால் நுனியில் சிறு குறடு போன்ற பற்றுறுப்புகள் உண்டு. புணரும்போது ஆண் அவற்றால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பற்றிக்கொள்ளும். ஓர் இனத்தின் குறடு அந்த இனத்துப் பெண்ணுக்குத்தான் சரியாகப் பொருந்தும், பூட்டும் சாவியும் போல. நிறம் மாறலாம், சாவி மாறாது. ஃபிரேசர் நூலில் பக்கம் பக்கமாக இந்தக் குறடுகளின் படங்கள்தாம்.

இடத்துக்கு ஓர் இனம் என்று ஏன் பிரிந்திருக்கின்றன? ஊசித்தட்டான் தன் முட்டையைச் செடியின் தண்டைக் கீறி அதற்குள் வைக்கிறது. செடி இல்லாத கரையில் முட்டைக்கு இடமில்லை. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி நீருக்குள் வளர்கிறது. வால் நுனியில் இலை போன்ற மூன்று செவுள்களால் மூச்சு விடுகிறது. கொசுப் புழுவைத் தின்று வளர்கிறது. நீரில் கரைந்த உயிர்வளி எவ்வளவு, நீர் ஓடுகிறதா தேங்குகிறதா, நிழலா வெயிலா, என்ன செடி என்பதையெல்லாம் பொறுத்து அந்த இளவுயிரி பிழைக்கும் அல்லது சாகும். நாம் கரையில் காணும் வண்ணப் பூச்சி, நீருக்குள் பிழைத்து வந்த ஒன்று. எனவே எந்தக் கரையில் எந்த வண்ணம் என்று எழுதி வைத்தால், அந்த நீர் எப்படிப்பட்டது என்றும் எழுதி வைத்தவர்களாகிறோம்.

இதை எண்ணும்போதுதான் எனக்குத் தென்பெண்ணையின் நினைவு வருகிறது. எங்கள் ஏரி நீர் எங்கிருந்து வருகிறது? கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரின் விளிம்பைத் தொட்டு, அந்நகரக் கழிவுகளையும் சேர்த்துக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நீர் வெண்ணுரையாகப் பொங்கி நிற்கும் படத்தைச் செய்தித்தாள்களில் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். பிறகு கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், நெடுங்கல், எங்கள் ஏரி. என் அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. “நீ பாக்குற ஏரித் தண்ணிய நான் அங்கயே நுரையா பாத்துட்டுதான் வரேன்” என்பார் விளையாட்டாக. அவர் சம்பளத்தில்தான் நான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறேன். தொழிற்சாலை வேண்டாம் என்று எழுத எனக்கு வாய் வராது. இப்போது போச்சம்பள்ளிப் பக்கமே சிப்காட் வந்துவிட்டது. என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் சிலர் காலையில் நான் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் அதே இடத்தில் கம்பெனி வண்டிக்கு நிற்கிறார்கள். அவர்கள் கையில் மாதாமாதம் பணம் இருக்கிறது. என் கையில் ஊசித்தட்டான் நோட்டு இருக்கிறது.

மலையோடையில் வாழும் ஊசித்தட்டான் ஒன்றுண்டு: நியூரோபேசிஸ் சைனென்சிஸ். சிறகை விரிக்கும்போது மயில் கழுத்துப் போலப் பச்சை மின்னும். கல்லில் அடித்து ஓடும் தெளிந்த நீர் அதற்கு வேண்டும். எங்கள் ஏரியில் அதைத் தேடுவது முறையன்று. ஏரி வேறு, ஓடை வேறு. ஆனால் வாய்க்காலின் குங்குமப்பூ முகத்தானைத் தேடுவது முறைதான். ஓடும் நீரும், ஓரத்துப் புல்லும் இருந்தால் அது இருக்க வேண்டும். வாய்க்காலில் புல்லைச் சுரண்டிக் கரையை வழித்துவிட்ட பகுதியில் அது இல்லை. நூறடி தள்ளிப் புல் இருக்கும் பகுதியில் இருக்கிறது. கழிவுநீர் வந்து கலக்கும் வளைவில் அதன் இடத்தில் நீல விளக்குக்காரன் மட்டும் நிற்கிறான். இவை என் நோட்டில் உள்ள குறிப்புகள். ஓர் ஆண்டுக் குறிப்பை வைத்து ஏரி கெட்டுவிட்டது என்றோ, நன்றாக இருக்கிறது என்றோ சொல்ல முடியாது. பருவம் மாறினாலும் பூச்சி மாறும்.

ஒரு நாள் இரவு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா நடவு முடித்து வந்து காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக இருந்தது.

“இது என்னா பூச்சி பாப்பா?”

“நாத்துக்குள்ள சின்னதா பறக்குமே, அதும்மா.”

“செவப்பு வாலா? அது நெறைய இருக்கே. நாங்க குனிஞ்சா மூக்கு மேல வந்து உக்காரும்.” பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். “தண்ணி நல்லதா கெட்டதான்னு அது சொல்லும்னியே. நாங்க காலைலருந்து அந்தத் தண்ணிலதான் நிக்கறோம். காலு இப்டி அரிக்குதே, அது தண்ணியாலயா, மருந்தாலயா? அத சொல்லுமா உன் பூச்சி?”

சொல்லாது. நீரில் உயிர்வளி இருக்கிறதா, புல் இருக்கிறதா, ஓட்டம் இருக்கிறதா என்பது வரைதான் பூச்சிக்குத் தெரியும். சேற்றுப்புண்ணா, உரமா, பூச்சிமருந்தா, மேலேயிருந்து வரும் வேறொன்றா என்பதற்கு அதனிடம் விடையில்லை. அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். “அப்ப அதுக்கு வேற படிப்பா?” என்றார். ஆமாம், அது வேதியியல் என்றேன். “அதையும் சேத்துப் படிச்சுட வேண்டியதுதானே” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ஏதோ கடையில் இன்னும் ஒரு கிலோ சேர்த்து வாங்கச் சொல்வது போல!

அந்தக் கேள்வியை விரிவுரையாளரிடம் கொண்டு போனேன். அவர் சிரிக்கவில்லை. வேதியியல் துறைக்கு அழைத்துச் சென்று விங்க்ளர் முறையைக் காட்டச் சொன்னார். நீர் நிறைத்த புட்டியில் மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால், உயிர்வளி இருக்கும் நீரில் பழுப்பு வீழ்படிவு இறங்கும். இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். இங்கும் வண்ணம்தான்! இதுவும் அம்மாவின் காலுக்கு விடை சொல்லாது. ஆனால் பூச்சி சொல்வது சரியா என்று சோதிக்கும். மற்றவற்றுக்கு நம் கல்லூரியில் கருவி இல்லை. கருவி இருக்கும் இடத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். கடிதத்தை நான் எழுதிவிட்டேன். அவர் திருத்திக் கொடுக்க வேண்டும்.

அடுத்த போகத்துக்கு மதகு திறக்கும்போது ஐந்து இடங்களில் நீர் எடுப்பதாக இருக்கிறேன்: கால்வாய் ஏரியில் விழும் வாய், சேற்று விளிம்பு, மதகடி, கழிவுநீர் கலக்கும் வளைவு, அம்மா வேலை செய்யும் வயல். அதே நாளில் அதே இடங்களில் ஊசித்தட்டான்களையும் எண்ணுவேன். தென்பெண்ணைக் கரை ஊர்களிலிருந்து வரும் மாணவ நண்பர்கள் இந்தக் கல்லூரியில் பலர் இருக்கிறீர்கள். ஓசூர், சூளகிரி, காவேரிப்பட்டணம், நெடுங்கல் என்று உங்கள் ஊர் ஆற்றோரமாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறியபின் போய்ப் பாருங்கள். தேதி, நேரம், நீர் ஓடுகிறதா, கரையில் புல் உண்டா, முகம், மார்பு, வால் நுனி என்ன நிறம் என்பவற்றை எழுதி விலங்கியல் துறையில் கொடுங்கள். பிடித்து ஊசி குத்த வேண்டாம்; நிறம் போய்விடும். நீரும் கொண்டு வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்துப் புட்டிகளைக் கொடுத்தனுப்புகிறேன். புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நிறைத்து, அங்கேயே மருந்தை ஊற்றி மூட வேண்டும். கல்லூரிக்கு வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், பேருந்து வந்து சேர்வதற்குள் அந்த நீர் வேறு நீராகிவிடும்.